மயில்கழுத்துக்கு எந்த வெளிச்சம்

"வார்ம் ஒயிட்டா, கூல் டேலைட்டாக்கா?" என்று பல்பு கடைக்காரர் காசிராஜன் மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எனக்கே சிரிப்பு வருகிறது. விளக்குத்தூண் பக்கத்தில், சேலைக்கு ஜாக்கெட் துணி சேர்த்துக் கொடுக்கிற மேட்சிங் சென்டரில் இருபத்தாறு வருசமாகக் கவுண்டருக்கு உள்பக்கம் நின்று, "இதா அதா, சட்டுனு சொல்லுங்கம்மா, பின்னால ஆள் நிக்கிறாங்க" என்று மதுரைப் பொம்பளைகளை விரட்டியவள் நான். இன்றைக்கு ஒரு பல்பு கடையில் கவுண்டருக்கு வெளிப்பக்கம் நின்று திருதிருவென்று முழிக்கிறேன். எதிர்ச் சுவரில் ஒரு பலகை. அதில் எட்டு ஹோல்டர், எட்டிலும் எட்டு பல்பு, கீழே வரிசையாகச் சுவிட்சு. காசிராஜன் ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். ஒன்று எரிகிறது, அணைகிறது, அடுத்தது எரிகிறது. மஞ்சள் என்கிறார், வெள்ளை என்கிறார், நடுவாப்புல என்கிறார். அவர் சொல்லாவிட்டால் எது எதுவென்று நான் சொல்லியிருப்பேனா என்று ஒரு நினைப்பு ஓடி வந்தது, வந்த வழியே விரட்டிவிட்டேன். என் கையில் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது. சோணைமுத்து டவுன்பஸ் கண்டக்டர், அவர் எழுதினால் அதுவும் டிக்கெட் மாதிரிதான் இருக்கும், ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது. ஹால் ரெண்டு, சமையல்கட்டு ஒண்ணு, ரூம் ஒண்ணு, பாத்ரூம் ஒண்ணு, மாடிப்படி ஒண்ணு. கீழே ஒரு கோடு போட்டு, பன்னெண்டு மணிக்கு எலெக்ட்ரீசியன் வர்றாரு. இப்போது மணி பத்தே முக்கால். ஆறு பல்பு எடுக்க அரை மணி நேரம் யதேஷ்டம். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் பதினெட்டுச் சேலையோடு வந்தாலே நான் அரை மணியில் அனுப்பிவிடுவேன்.

வீட்டில் வெளிச்சம் பத்தவில்லை என்று ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டு இருப்பவள் நான்தான். அரிசியில் வண்டு தெரியவில்லை, வெளிச்சம் பத்தலை. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, வெளிச்சம் பத்தலை. வீட்டுக்காரரின் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு நான் எடுத்து வைத்த காலுறையில் ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம். மனுசன் அதைப் போட்டுக்கொண்டு பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள் காலைக் காட்டிக் காட்டிச் சிரித்திருக்கின்றன. வீட்டுக்கு வந்து அவர் ஒன்றும் கோபப்படவில்லை. "ஏம்மா, துணி கலரே உன் பொழப்பு, எனக்கு மட்டும் ஏன் இப்படி ஜோடி சேத்த?" என்று கேலிதான் பண்ணினார். நான்தான் பாய்ந்தேன். "பதினஞ்சு வருச ட்யூப்லைட்டுல எந்தக் கலரு தெரியும்? அழுது வடியுது." அவர் இரண்டு காலுறையையும் கையில் பிடித்துக்கொண்டு, அந்த ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே போய் நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு, "லைட்டு நல்லாத்தான் எரியுது" என்றார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "ஒருதரம் கண்ணைக் காட்டிட்டு வந்துருவமா?" என்றார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தேன், தண்ணீர் வைத்தேன், பேச்சு மட்டும் வைக்கவில்லை. நாலாம் நாள் அவரே வந்து, சரி, பழைய சோக்கு ட்யூப்லைட்டு எல்லாம் கரண்டைத் தின்னுது, வீடு முழுக்க எல்.இ.டி.யா மாத்திருவோம் என்றார். சண்டை வேண்டாம் என்று நினைக்கிற ஆம்பளைக்கு பல்பு வாங்குவது சுலபம். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜெயித்தவளுக்கு ஏன் இங்கே வந்து நின்றதும் கால் வலிக்கிறது என்று தெரியவில்லை. கடையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நிற்கிற கால் இது.

கண்ணைக் காட்டுவதாம். யார் கண்ணை? ஒருத்தி மானாமதுரையில் இருந்து, ஒருத்தி தேனியில் இருந்து, பஸ் ஏறி வந்து "தவமணிக்கா இருக்காங்களா?" என்று வாசலிலேயே கேட்பாள். இல்லை, லீவு என்றால் திரும்பிப் போய்விடுவாள். வெள்ளையில் மட்டும் எனக்கு இருபது வெள்ளை தெரியும். பால் வெள்ளை, சங்கு வெள்ளை, மோர் வெள்ளை, ஆஃப் ஒயிட், சந்தனத்துக்கு ஒரு படி முந்தின வெள்ளை. அரக்கு வேறு, மெரூன் வேறு, மிளகாய்ப்பழம் வேறு. வெங்காயத்தோல் என்று ஒரு கலர் இருக்கிறது, அதைப் பிங்க் என்று சொல்கிற பிள்ளையைக் கவுண்டரில் நிறுத்தவே கூடாது. சேலையைக் கூட நான் விரித்துப் பார்க்க மாட்டேன், பைக்குள் இருந்து முந்தி கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், கை தானாகப் பின்னால் போய் அந்தக் கட்டில் இருந்து அந்தத் துணியை உருவிவிடும். ஆனாலும் இந்தப் பொம்பளைகள் நம்ப மாட்டார்கள். எல்லா மேட்சிங் கடையிலும் நடக்கிற கூத்துத்தான். துணியையும் சேலையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். "கொஞ்சம் வெளிச்சத்துல பாத்துக்கிறேங்க்கா." வாசப்படியில் நின்று, வெயிலில் பிடித்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, ரோட்டில் போகிறவளையும் நிறுத்தி அபிப்பிராயம் கேட்டு, அப்புறம் உள்ளே வந்து அதே துணியை வெட்டச் சொல்வார்கள். எனக்கு அது அடியோடு பிடிக்காது. என் கண்ணுக்கு மேல சூரியனுக்கு என்ன தெரியும் என்று ஒருநாள் சொல்லியே விட்டேன், கவுண்டரே சிரித்தது. சின்ன முதலாளி கல்லாவில் இருந்து, "அக்கா சொன்னா கோர்ட்டு சொன்ன மாதிரிம்மா" என்றார். பல வருசம் அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வயிறு நிறைந்திருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"வாட்டைப் பாக்காதீங்கக்கா, லுமென் பாருங்க" என்கிறார் காசிராஜன். அட்டைப்பெட்டியின் முதுகைத் திருப்பிக் காட்டுகிறார். எழுத்து எறும்பு சாரை போகிற மாதிரி இருக்கிறது. படிக்கிற மாதிரி தலையை ஆட்டினேன். வாட்டுங்கிறது பல்பு தின்னுறது, லுமென்ங்கிறது அது குடுக்குறது, குறைச்சுத் தின்னு நிறையக் குடுக்குறதை வாங்கணும், ஸ்டாரு எத்தனைன்னு பாத்துக்கணும் என்கிறார். மனுசனுக்கும் அப்படி எழுதி ஒட்டினால் நன்றாகத்தான் இருக்கும், நான் எத்தனை தின்று எத்தனை கொடுத்தேன் என்று. "ஹாலு எத்தனைக்கு எத்தனைக்கா?" பத்துக்குப் பன்னெண்டு என்றேன். "அப்ப ஒம்பது வாட்டு ரெண்டு போதும். ரூமுக்கு ஒண்ணு. கண்ணு கூசாம இருக்கும்." போதாது என்றேன். இருப்பதிலேயே பெரிசு என்ன என்று கேட்டேன். "இருபத்தி மூணு வாட்டு இருக்கு. அதெல்லாம் குடோனுக்கு, ரைஸ்மில்லுக்கு வாங்குவாங்கக்கா. வீட்டுல போட்டா கல்யாண மண்டபம் மாதிரி ஆயிரும். கரண்டை மிச்சம் பிடிக்கத்தான வந்தீங்க?" ஆமாம், அதற்குத்தான் வந்தேன். அதற்குத்தான் வந்தேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறோம். இருந்தாலும் அதையே போடுங்க, ஆறும் அதையே போடுங்க என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். என் கடையில் கறுப்புத் துணிக்குக் கிளிப்பச்சை லைனிங் கேட்கிறவளை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை. கடைக்காரனுக்குக் கடைக்காரி பார்வை தெரியாதா. எங்கள் கடையிலும் தீபாவளிக்கு முன்னால் எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றினார்கள். சதுரம் சதுரமாக மேலே பதித்தார்கள். கரண்டு பாதியாகக் குறைந்தது என்று சின்ன முதலாளிக்கு ஏக சந்தோசம். எனக்கும் சந்தோசம்தான், ஏனென்றால் குற்றம் சொல்ல ஒன்று கிடைத்தது. ஐயோ, இப்படியா நினைக்கிறேன், இல்லை, அப்படி இல்லை, அந்த லைட்டு நிஜமாகவே சரியில்லாமல் இருக்கலாம். எல்லா எல்.இ.டி.யும் ஒன்று போல் இருக்காது என்று இவரே இப்போது சொன்னாரே.

கைப்பையில் பில்லுத்தாளில் சுற்றி இரண்டு துண்டுத் துணி இருக்கிறது. பதினெட்டு நாளாக இருக்கிறது. ஒன்று ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுச்சேலையோடு வந்த ஜாக்கெட் துணியில் மாதிரிக்கென்று வெட்டியது, மயில்கழுத்து. இன்னொன்று அதற்கு நான் எடுத்துக் கொடுத்த ஜாக்கெட் துணியின் மிச்சம். சேலையோடு வந்த துணி ஆரி ஊசி வேலைக்குத் தாங்காது, ரா சில்க்கில் தனியாக வேண்டும் என்று பெண்ணின் அம்மா கேட்டது. நான் பார்த்தேன், கை பின்னால் போனது, உருவினேன், சபீனாவிடம் போட்டேன், வெட்டு என்றேன். எங்கள் கடையில் அப்படித்தான், எடுப்பது நான், வெட்டுவது அவள், வெட்டுகிற கைதான் பில்லுச்சீட்டில் தன் நம்பரை எழுதும். சபீனா கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டாமல் நின்றாள். எட்டு வருசமாக என் பக்கத்தில் நிற்கிற பெண், ஒரு நாள் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அக்கா, சேலையில நீலம் ஓடுது. இது வெறும் பச்சையா இருக்குக்கா" என்றாள். நான் மெதுவாகச் சொல்லவில்லை. கவுண்டர் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "மயில்கழுத்துன்னா பச்சைதான் ஓடும். மயிலைப் பாத்திருக்கியா நீ? கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போட்டுக்க." நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போனது. குனிந்தாள், வெட்டினாள், அவள் நம்பரை எழுதினாள். அந்த அம்மா வெளிச்சத்துக்கு எடுத்துப் போகப் பார்த்தது, நான்தான் விடவில்லை. மூன்று வாரம் கழித்து, வரவேற்புக்கு முந்தின நாள், கை நிறைய ஜரிகையும் முத்துமாக ஆரி வேலை முடித்த ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கவுண்டரில் போட்டது. பொண்ணு சேலைக்கு மேல வச்சுப் பாத்துட்டு அழுதுக்கிட்டு இருக்கு என்றது. சத்தம் கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். சின்ன முதலாளி சீட்டை வாங்கிப் பார்த்தார். சபீனா நம்பர்.

நான் பொய் சொல்லவில்லை. இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நான் பொய் சொல்லவில்லை. சபீனா என்னைப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. நான் அந்த நேரத்தில் ஒரு துணிக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கின கட்டையே பிரித்து மறுபடி அடுக்கினேன். அவள், "தப்பு என்னோடதுதான் முதலாளி" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அவளை மாடிக்கு மாற்றினார்கள், லைனிங் துணியும் பாவாடைத் துணியும் கட்டுகிற இடம், ஆளும் கிடையாது பேச்சும் கிடையாது, தூசிதான். அன்றைக்குச் சாயந்திரம் நான் சின்ன முதலாளியிடம் போய், "அந்தப் பிள்ளை மேல தப்பு இல்ல முதலாளி, புது லைட்டு சரியில்ல, கலரை ஏமாத்துது" என்றேன். எனக்கு நல்ல மனசு என்று நானே நினைத்துக்கொண்டேன். அவர் மேலே பார்த்தார், யோசித்தார். லைட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்றார். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், இது என் வாயில் அடிக்கடி வருகிற பழமொழி. துணியை மாற்ற வருகிறவர்களிடம் சொல்வேன். அதற்கப்புறம் அதை நான் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

"கலர் பாக்கத்தானக்கா கேக்குறீங்க? அதுக்குன்னு ஒரு பல்பு இருக்கு" என்று காசிராஜன் ஸ்டூலில் ஏறினார். கலரை உள்ளது உள்ளபடி காட்டுவதற்கு ஒரு நம்பர் உண்டாம், சாதாரண பல்புக்கு எண்பது, இதற்குத் தொண்ணூறுக்கு மேலே, நகைக்கடைக்காரர்கள் வாங்குவார்களாம். பலகையில் ஒரு பல்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். நான் பில்லுத்தாளைப் பிரித்தேன். இரண்டும் இரண்டு அங்குலத் துணிதான். முதலில் மஞ்சள் பல்பைப் போடச் சொன்னேன். இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான். நடுவாப்புல வெள்ளை. ஒன்றுதான். கூல் டேலைட்டு. ஒன்றுதான். கடைசியாக அந்த நகைக்கடை பல்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றேதான், ஒரு நூல் வித்தியாசம் இல்லை, மயில்கழுத்தும் மயில்கழுத்தும். எனக்கு அப்படியே உடம்பு லேசாகிவிட்டது. நான் சரி. அந்த அம்மாவுக்குத்தான் கண் சரியில்லை, அந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்கவில்லை, கல்யாணப் பெண்கள் எதற்கும் அழுவார்கள், சபீனாவுக்குத்தான் கண் தெரியவில்லை. இதை இப்படியே கொண்டுபோய்ச் சின்ன முதலாளியிடம் காட்டலாம். இந்தப் பல்பையே கடைக்கு வாங்கிப் போடச் சொல்லலாம். ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்ல காப்பி ஒன்று குடிக்க வேண்டும் போல இருந்தது. காசிராஜன் ஸ்டூலில் இருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். "எதுக்குக்கா ரெண்டு கலரையும் ஒண்ணா வச்சுப் பாக்குறீங்க? பார்டர் வைக்கவா?"

ரெண்டு கலரையும். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அட்டைப்பெட்டியை மூடுகிறார். ரெண்டு கலரையும் என்றா சொன்னார், ரெண்டு துணியையும் என்றா சொன்னார். கலர் என்றுதான் சொன்னார். இவருக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும், ஒயருக்குச் சிவப்பு கறுப்பு பச்சை, அவ்வளவுதானே தெரியும். அவ்வளவு மட்டும் தெரிந்தவருக்கே இரண்டாகத் தெரிகிறது. "சந்தேகமா இருந்தா வாசல்ல வெயில்ல போய்ப் பாருங்கக்கா, வெயிலை விடவா ஒரு பல்பு?" என்கிறார். வேண்டாம் என்றேன். சட்டென்று சொல்லிவிட்டேன், நெருப்பைத் தொட்ட மாதிரி. அப்போதுதான் உறைத்தது. பதினெட்டு நாளாக இந்தத் துண்டுகளை ஹால் லைட்டில் பார்த்தாயிற்று, சமையல்கட்டில் பார்த்தாயிற்று, கடையில் பார்த்தாயிற்று, பாத்ரூமில் கூடத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பார்த்தாயிற்று. வெயிலுக்கு மட்டும் ஒரு நாளும் எடுத்துப் போகவில்லை. தினம் காலையில் பஸ் ஸ்டாப்பில் முழு வெயிலில் நிற்கிறேன், பை கையில்தான் இருக்கிறது. திறந்ததில்லை. அப்படியென்றால் எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்திருக்கிறது. சிம்மக்கல்லில் இருந்து ஒரு வாடிக்கைக்கார அம்மா வரும், பத்து வருசம் இருக்கும். எந்த வெள்ளையை எடுத்துப் போட்டாலும் மஞ்சளா இருக்கு மஞ்சளா இருக்கு என்று சண்டை பிடிக்கும். நான் மத்தியானச் சாப்பாட்டில் அந்த அம்மா மாதிரிக் கண்ணை இடுக்கிப் பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பேன். ஒருநாள் புரை ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு வந்து, கவுண்டரில் இருந்த ஆனந்தா நீலத்தைக் கையில் எடுத்து, "ஏத்தா, நீலம் இம்புட்டு நீலமாவா இருந்துச்சு?" என்று கேட்டது. கேட்டுவிட்டு அங்கேயே கண்ணீர் விட்டது. அதையும் நான் பேசிக்காட்டிச் சிரிக்க வைத்தேன்.

நகைக்கடை பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது. நெற்றியில் வேர்வை இறங்கி வலது கண்ணில் விழுந்து எரிந்தது. முந்தியை எடுத்துக் கண்ணை அமுக்கினேன். இடது கண் மட்டும் திறந்திருந்தது, கை துணியைப் பிடித்தபடியே இருந்தது. ஒரு துண்டு லேசாக விலகியது. நகரவில்லை, நிறம் விலகியது. பக்கத்துத் துண்டு பச்சையாகவே இருக்க, இது மட்டும் கொஞ்சம் நீலத்தை உள்ளே வைத்துக்கொண்டு நின்றது. முந்தியை எடுத்தேன், இரண்டு கண்ணாலும் பார்த்தேன், கலங்கிப்போய் இரண்டும் ஒன்றாகிவிட்டது. வலதை மூடினேன், கொஞ்சம் நீலம் வந்தது. இடதை மூடினேன், பச்சை, பச்சை, பழுத்த இலை மாதிரிப் பழுப்பேறின பச்சை. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. ஒரே துணி, ஒரே பல்பு, ஒரே இடம். கண்ணுக்கொரு கலர். இதற்கு எந்தக் கடையில் போய் எந்த பல்பை மாற்றுவது? தப்பு பண்ணினவள் நான். அதைவிடப் பெரிசு, தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருந்தவளும் நான். ஆபரேஷன் எனக்குப் பயம் இல்லை, ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். எனக்குப் பயம் அது இல்லை. தேனியில் இருந்து வருகிறவள் வாசலில் நின்று வேறு பெயரைச் சொல்லிக் கேட்பாள், அதுதான் பயம். அந்தப் பயத்துக்காக ஒரு பெண்ணை மாடியில் தூசிக்குள் உட்கார வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு எலெக்ட்ரீசியன் வருவார், வீடு கல்யாண மண்டபம் மாதிரி ஆகும், அப்போதும் வண்டு எனக்குத் தெரியாது, அப்புறம் நான் எதைக் குறை சொல்வேன், சுவரையா? "என்னக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் காசிராஜன். வேண்டாம் என்றேன். பிறகு, "நீங்க மொதல்ல சொன்னதையே போடுங்க, ஆறும் ஒம்பது வாட்டு" என்றேன். "வார்மா, கூலாக்கா?" வீட்டில் எல்லாருக்கும் கண் கூசாமல் எது இருக்குமோ அது என்றேன். நடுவாப்புல இருந்ததை எடுத்து, ஒவ்வொன்றையும் எரிய வைத்துக் காட்டிப் பையில் போட்டார்.

இரண்டு தெரு தாண்டினால் கடை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் உள்ளே போகவில்லை, வாசப்படியில் வெயிலில் நின்றேன், வாடிக்கைக்காரிகள் நிற்கிற அதே இடத்தில். சின்ன முதலாளி கல்லாவில் இருந்து எட்டிப் பார்த்தார். "என்னக்கா, லீவு போட்டுட்டு வாசல்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க." சபீனாவைக் கொஞ்சம் கீழே வரச் சொல்லுங்க முதலாளி என்றேன். அவள் வந்தாள். தலைமுக்காட்டில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு துண்டையும் கைக்கொன்றாகப் பிடித்து நீட்டினேன். "இதுல எது நீலம், எது பச்சை, பாத்துச் சொல்லு."

அவளுக்குத் துண்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவர் பேனாவை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் துண்டுகளைத் தொடக்கூட இல்லை. "ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான்க்கா இருக்கு" என்றாள்.

"பொய் சொல்லாத. சொல்லு."

"நீங்களே சொல்லுங்கக்கா. நீங்க பாக்காத கலரா?"

"எனக்குத் தெரியல சபீனா." இருபத்தாறு வருசத்தில் அந்த வாசலில் நான் சொல்லாத சொல். சொல்லியாயிற்று. பக்கத்தில் சேலையோடு நின்ற ஒரு பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

சபீனா என் வலது கையைத் தொட்டாள். "இது நீலம் ஓடுதுக்கா." பிறகு இடது கையை. "இது பச்சை."

"அன்னைக்கும் இதைத்தான சொன்ன?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். பல்புப் பையை இடுக்கிக்கொண்டு படி ஏறிக் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றேன். சின்ன முதலாளி, நான் அன்றைக்குச் சொன்னதில் இருந்து, அடிக்கொரு தரம் மேலே பார்த்து அந்தச் சதுர லைட்டுகளைச் சந்தேகப்படுகிறவர், இப்போதும் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தார்.

"அந்தத் துணியை எடுத்துக் குடுத்தது நான். இவ வேணாம்னு சொன்னா, நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றேன். "லைட்டு நல்லாத்தான் எரியுது முதலாளி."